அட்டைக்குள் சாமிக்கண்ணு

தென்றல் டீச்சர் ஆட்டோவிலிருந்து தாள் கட்டுகளை இறக்க ஆரம்பித்தபோது எதிர் டீக்கடையில் முதல் ஈடு வடை எண்ணெயில் விழுந்தது. இறக்கி முடித்தபோது மூன்றாவது ஈடு வெந்து, அதில் பாதி விற்றும் போயிருந்தது. ஒரு பிரதிக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மொத்தம் ஐந்து பிரதி. கடைசிக் கட்டு இறங்கியதும் ஆட்டோவின் பின்சக்கரங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அரை அடி மேலே எழும்பின என்று டீக்கடை பாவாடை இன்றைக்கும் சத்தியம் செய்வார். பாவாடையின் சத்தியத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. கால் அடி எழும்பியிருக்கும்.

பைண்டிங் கடைக்குள்ளே அம்பிகா பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். மைதா மாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. கிண்டிக்கொண்டே இருந்தாள். அது கொதித்து, கெட்டிப்பட்டு, சட்டியின் அடி கருகும் வாசனை எளம்பலூர் ரோட்டைத் தாண்டிப் போன பிறகும் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அடுப்பு," என்றாள் தென்றல்.

அம்பிகா அடுப்பை அணைத்தாள். கை தெரியாமல் சட்டியின் விளிம்பைத் தொட்டது. சுட்டிருக்க வேண்டும். விரல் நுனி சிவந்துபோனதை அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவள் புருஷன் சாமிக்கண்ணு கல்லூரிப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தார், உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அதற்கு நேற்றோடு பதினாறு நாள். காரியம் முடிந்த மறுநாளே, இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், பெண்டாட்டிக்காரி வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டாள். அந்த ஷட்டர் போட்ட சத்தம் துறைமங்கலம் வரைக்கும் கேட்டது. சத்தத்தைவிட வேகமாகச் சேதி போனது. எல்லாவற்றுக்கும் மேலே அவள் இன்னும் அழவே இல்லை என்பது தெருவுக்குத் தாங்க முடியாத குறையாக இருந்தது. தூக்கும்போது அழவில்லை, சரி, அதிர்ச்சி. பாலுக்கு அழவில்லை, சரி, மயக்கம். பதினாறாம் நாள் தாலி இறக்கும்போது சொந்தக்காரப் பெண்கள் முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு குடம் அழுது காட்டி வழி சொல்லிக் கொடுத்தார்கள். அம்பிகா எல்லோருக்கும் காபி வந்ததா என்று கேட்டாள்.

அவளுக்கு அது எப்படி இருந்தது என்றால், பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி. தொட்டால் ஏதோ இருக்கிறது. ஆனால் நம்முடையது இல்லை. கன்னம் மட்டும் இல்லாமல் ஆளே முழுசாக அப்படி ஆகிவிட்டது. ஊசியின் வேகம் எப்போது இறங்கும் என்று அவளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

தென்றல் அரும்பாவூர்க்காரி. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறாள். வேலை பார்த்துக்கொண்டே ஒன்பது வருஷமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதிவந்தாள். ஆரம்பித்தபோது இடுப்பில் இருந்த பிள்ளை இப்போது சைக்கிளில் டியூஷன் போகிறது. தலைப்பைக் கேட்டவர்கள் யாரும் ஒரே மூச்சில் கேட்டு முடித்ததில்லை: 'அமெரிக்காவின் தொடக்ககால அச்சகத்தாரும் செய்தித்தாள் நடத்தியோரும் புத்தகக் கட்டாளரும் புத்தக வணிகரும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு.' மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற சீமையில் அமெரிக்க அச்சகம் எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான்.

"கைடு குடுத்தாரு."

கைடு சுதர்சன், அரியலூரில் ஒரு கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர். எங்கோ வெளிநாட்டில் ஒரு நூலகத்தைக் காலி செய்தபோது அவருக்கு ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்கள் இனாமாக வந்து சேர்ந்தன. பெட்டிக்கு ஒரு ஆராய்ச்சியாளர் தேவைப்பட்டார். தென்றல் அகப்பட்டாள்.

"வெள்ளிக்கிழம பன்னெண்டு மணிக்குள்ள சார் கையில இருக்கணும்க்கா. அவரு கையெழுத்துப் போட்டு அன்னிக்கே திருச்சி யுனிவர்சிட்டிக்கு எடுத்துட்டுப் போறாரு. மூணு தடவ டயம் வாங்கியாச்சு. இத வுட்டா ஒம்பது வருசமும் தண்ணில." அவள் குரல் இறங்கியது. "அண்ணன்கிட்ட குடுக்கறதாத்தான் சொல்லியிருந்தேன். உங்களால முடியுமாக்கா? இல்லன்னா திருச்சியில வேற கடைக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அம்பிகா பதில் சொல்வதற்குள் வீரமுத்து முந்திக்கொண்டான். சாமிக்கண்ணுவின் தம்பி. உரக்கடையில் கணக்குப் பார்க்கிறவன். அண்ணன் போனதிலிருந்து வேலைக்கும் போகாமல் அண்ணியின் நிழலாக நின்றுகொண்டிருந்தான்.

"திருச்சிக்கே போயிடுங்க டீச்சர். அண்ணியால முடியாது."

"முடியும்," என்றாள் அம்பிகா.

"அண்ணி, இருபது வருசமா நீங்க பசை காச்சினீங்க, நூலு கோத்தீங்க. மத்ததெல்லாம் அண்ணன். அந்தக் கட்டிங் மிஷினு அண்ணன் வெரலயே ரெண்டு தடவ கேட்டுச்சு. உங்க வெரலக் கேக்காதா?"

"கேக்கட்டும்."

வீரமுத்துவைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. செல்போன் கடை வைக்க ஒருவன் இடம் கேட்டுக்கொண்டிருந்தான்; மாதாமாதம் அண்ணி கையில் ஏதாவது வந்தால் போதும், வீட்டோடு இருக்கட்டும் என்பது அவன் கணக்கு. அண்ணி தெருவில் ஷட்டர் தூக்குவதை ஊர் பேசுவது அவனுக்கு முதுகில் பட்ட மாதிரி வலித்தது. வலியெல்லாம் அவனுக்குத்தான் இருந்தது.

"சரி," என்றான் அவன். "வெள்ளிக்கிழம அந்த செல்போன்காரன் சாவிக்கு வரான். டீச்சரம்மா வாயால ஒரு கொறை வராம இத நீங்க கட்டிக் குடுத்துட்டா, அவன நானே திருப்பி அனுப்பிடறேன். அதுக்கப்புறம் கடையப் பத்தி நான் வாயத் தொறந்தா என்னன்னு கேளுங்க. ஒரு கொறை வந்தாலும் சாவி அவன்கிட்ட. சரிங்களா?"

"சரி."

டீ கொடுக்கிற சாக்கில் அதுவரைக்கும் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாவாடை, சாட்சிக்கு நான் இருக்கிறேன் என்பதுபோல் ஒரு முறை செருமினார்.

அம்பிகா கடையை விடமாட்டேன் என்று ஏன் சொன்னாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்தால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கே கைகளுக்கு இடம் இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. அந்த இடமும் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கப் போனால், யோசனை வாசல்வரை வந்து நின்றுவிடும்.

செவ்வாய் மத்தியானத்திலிருந்து பக்கம் சேர்த்தாள். ஒவ்வொரு பிரதியிலும் பக்கம் விட்டுப்போகாமல், தலைகீழாகப் போகாமல், ஒவ்வொரு தாளாகப் பார்த்து அடுக்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது பக்கத்துக்கு ஒரு வரி கண்ணில் படும். அச்சடித்தவனே தபால்காரனும் என்றது ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில் அவனே பேப்பர் நடத்தினான், அவனே புத்தகம் கட்டினான், கடையில் சோப்பும் மையும் விற்றான். காகிதம் செய்யக் கந்தல் துணி கொண்டுவந்து தாருங்கள் என்று ஊர்ப் பெண்களுக்கு விளம்பரம் போட்டான். இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி: கணவர் இறந்த மறுவாரமும் செய்தித்தாள் வழக்கம்போல வெளிவந்தது; கீழே அச்சிட்டவர் பெயர் இருந்த இடத்தில் அவருடைய விதவையின் பெயர் இருந்தது.

அம்பிகா அந்தத் தாளையும் தட்டி ஓரம் சமமாக்கி அடுக்கினாள். அதே வரி ஐந்து பிரதியிலும் ஐந்து முறை வந்தது. ஐந்து முறையும் படித்தாள். ஐந்து முறையும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாளுக்கு மறுவாரம் யார் சோறு போட்டிருப்பார்கள் என்று மட்டும் ஒரு தடவை தோன்றியது.

புதன்கிழமை துளை போட்டு நூல் கோத்தாள். கட்டிங் மிஷினில் வெட்டினாள். வீரமுத்து ரத்தத்தை எதிர்பார்த்து ஒரு கட்டு பஞ்சும் டிஞ்சரும் வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். மிஷின் எந்த விரலையும் கேட்கவில்லை. அன்றைக்குப் பாவாடை ஒரு சோதனை செய்தார். அம்பிகாவின் டீயில் சர்க்கரை போடவில்லை. குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். சாயங்காலம் ஒரு கரண்டி உப்பைப் போட்டார். குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். பாவாடை கடைக்குப் பின்னால் போய், துண்டை வாயில் வைத்துக்கொண்டு, பாய்லர் அணைகிற அளவுக்கு அழுதார். தெரு எதிர்பார்த்த அழுகை இப்படியாக வேறு ஒரு ஆள் வழியாக வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமைதான் அட்டை வேலை.

அட்டையின் மேலே மெரூன் ரெக்ஸினை ஒட்டி ஓரங்களை உள்பக்கம் மடித்தால், மடிப்பு நான்கு பக்கமும் மேடாக நிற்கும். நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஏதாவது பழைய தாளை அளவாக வெட்டி ஒட்டிச் சமமாக்கி, அதன் மேலே வெள்ளை உள்தாளை ஒட்டினால்தான் அட்டை வழுவழுவென்று வரும். அதற்காகவே மேஜைக்கு அடியில் ஒரு கட்டு தாள் எப்போதும் கிடக்கும். அச்சுப் பிழையான கல்யாணப் பத்திரிகை, தேதி மாறிய கிடாவெட்டு அழைப்பு, தேர்தல் முடிந்த நோட்டீஸ். சாமிக்கண்ணு அச்சு இருக்கிற பக்கத்தை அட்டையைப் பார்த்து வைத்து ஒட்டுவார், வெளியே தெரியாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பட்டம் வாங்கிய ஆராய்ச்சிகளில் பாதிக்குமேல், எவனோ ஒருவனுடைய காதுகுத்தை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் நூலகங்களில் நிற்கின்றன.

அன்றைக்கு அந்தக் கட்டின் மேலே கிடந்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

அண்ணன் சாவுக்கு வீரமுத்து ஐந்நூறு போஸ்டர் அடித்திருந்தான். பாலக்கரையில் தொடங்கி நான்கு ரோடு வரைக்கும் ஒட்டாத சுவர் இல்லை. அரைநாள் அசையாமல் நின்ற மாடு ஒன்றின் மேல்கூட ஒட்டிவிட்டதாகப் பேச்சு. மேல் பாதியில் சாமிக்கண்ணு, கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவில் மீசையை முறுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'கண்ணீருடன்' என்று போட்டு வீரமுத்து, மாமன் மச்சான்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பைண்டிங் சங்கத் தோழர்கள், எல்லோருக்கும் மேலே டீக்கடை பாவாடை, செத்தவரைவிடக் கொஞ்சம் பெரிய போட்டோவில். நாற்பத்து மூன்று பெயர். அம்பிகா பெயர் இல்லை. பெண்டாட்டி பெயரைப் போடும் வழக்கம் இல்லை; யாரும் விட்டுவிடவும் இல்லை, யாரும் நினைக்கவும் இல்லை.

ஒட்டியது போக எண்பது மிச்சம். இந்த மாதிரித் தாளை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. கருமாதிப் பத்திரிகை வந்தால்கூட வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுக் கை கழுவித்தான் உள்ளே வருவார்கள். ஆனால் அண்ணன் மூஞ்சியை எப்படிக் கிழிப்பது? வைக்கவும் முடியாமல் கிழிக்கவும் முடியாமல் வீரமுத்து அதைக் கடையில் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தான்.

அம்பிகா குனிந்து கையை விட்டாள். எடுத்தாள். அளவு வைத்துப் பாதியாக வெட்டினாள். மேல் பாதி முன் அட்டைக்கு, கீழ்ப் பாதி பின் அட்டைக்கு. பசை தடவினாள். ஒட்டினாள். முதல் பிரதியில் பார்க்காமல் ஒட்டினாள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பிரதியில் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், முகம் மேலே வரும்படி ஒட்டுகிறோம் என்பதையும் பார்த்தாள். கை நிற்கவில்லை. நிறுத்து என்று சொல்கிற இடம் உள்ளே எங்கேயோ இருக்க வேண்டும். அந்த இடம் இன்னும் ஊசியில் இருந்தது. துணியைச் சுற்றிய விரல்களால் அவர் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் காற்றுக்குமிழ் இல்லாமல் நீவிவிட்டாள். ஐந்து தடவை. கனமான உள்தாள் தீர்ந்துபோயிருந்தது. கைக்கு அகப்பட்ட மெல்லிசு வெள்ளைத்தாளை எடுத்து மேலே ஒட்டினாள். பசை கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது. திருகு பிரஸ்ஸில் ஐந்தையும் அடுக்கி இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு தென்றல் வந்தாள், தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதியோடு. வீரமுத்து ஏற்கெனவே வந்திருந்தான். அம்பிகா பிரஸ்ஸைத் தளர்த்தி ஐந்தையும் எடுத்து மேஜையில் வைத்தாள். மெரூன் அட்டை, தங்க எழுத்து, அந்த ரயில்வண்டித் தலைப்பு ஓர் எழுத்துகூட தடம் புரளாமல் ஆறு வரியில் வந்து நின்றிருந்தது. வீரமுத்துவின் முகம்கூட ஒரு கணம் பெருமையில் அகன்றது.

தென்றல் மேலே இருந்ததைக் கும்பிட்டுத் திறந்தாள்.

ஈரம் காயாத மெல்லிசுத் தாளுக்கு அடியில், மழை பெய்யும்போது ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி, சாமிக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' ரோஸ் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது.

தென்றலின் கை தானாக விலகியது. "அய்யய்யோ... அக்கா!"

வீரமுத்து எட்டிப் பார்த்தான். அவசரமாக அடுத்ததைத் திறந்தான். அண்ணன். அடுத்ததைத் திறந்தான். அண்ணன். ஐந்தையும் திறந்து வைத்தபோது மேஜை முழுக்க ஐந்து அண்ணன்கள் வரிசையாகச் சிரித்தார்கள்.

"அண்ணி! என்னா அண்ணி பண்ணி வெச்சிருக்கீங்க? படிக்கிற புள்ளையோட புஸ்தகத்துல போயி... தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

அம்பிகா யோசித்துப் பார்த்தாள். "பாத்தேன்," என்றாள்.

"பாத்துட்டேவா?"

"ம்."

சத்தம் கேட்டுப் பாவாடை கரண்டியோடு ஓடிவந்தார். முன் அட்டையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். பின் அட்டையைப் பார்த்தவருக்கு முகமே மாறிவிட்டது. "இந்தா, நம்ம போட்டோ! ஏம்பா வீரமுத்து, இது யுனிவர்சிட்டிக்கா போவுது?"

"மாமா, நீங்க சும்மா இருங்க!"

"இல்லப்பா, கேட்டேன். அஞ்சுலயும் இருக்கேனா?"

தென்றல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மாமியார் கருமாதிப் பத்திரிகையை வாங்கிய கையோடு குழந்தையைத் தொடவிடமாட்டாள். அப்படிப்பட்ட தாள் பத்துப் பாதியாக இனி அவள் பெயரைச் சுமந்துகொண்டு ஐந்து அலமாரிகளில் காலத்துக்கும் நிற்கப்போகிறது. அவள் கண்கள் நிறைந்தன. "பிரிச்சி வேற ஒட்ட எவ்ளோ நேரம் ஆவும்க்கா?"

"அட்டையோட பிச்சி எடுக்கணும் டீச்சர்," என்றாள் அம்பிகா. "புதுசா கட்டிக் காய சாயங்காலம் ஆவும்."

"பன்னெண்டு மணிக்கு சார்..."

"இது காஞ்சா தெரியாது," என்றாள் அம்பிகா. வானிலை சொல்கிற குரல். "ஈரத்துக்குத்தான் தெரியுது. காஞ்சா வெள்ளையாயிடும். உள்ள இருக்கும், தெரியாது."

"உள்ள இருக்குமே, அண்ணி! அதான பேச்சே!" வீரமுத்து தென்றல் பக்கம் திரும்பினான். அவன் குரலில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "டீச்சர், நீங்க சொல்லுங்க. கொறை இருக்குல்ல? உங்க வாயால சொல்லிடுங்க. இவங்கள நான் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். இப்படியே வுட்டா இன்னும் என்னென்ன செய்வாங்களோ."

தெருவில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அம்பிகா தென்றலைப் பார்க்கவில்லை. மேஜை ஓரத்தில் காய்ந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இந்த மேஜை போனால் என்று ஒரு நினைப்பு வந்தது. இந்தத் தடவை வாசலில் நிற்காமல் உள்ளே ஓர் எட்டு வைத்தது. நகம் நின்றது.

தென்றல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற மாதிரிப் பேச ஆரம்பித்தாள்.

"அந்தக் காலத்து அமெரிக்கப் பேப்பரு நெறைய அழிஞ்சே போச்சுண்ணே. சிலதுல ஒரு தாளு, ரெண்டு தாளுதான் மிச்சம். அது எங்கேருந்து கெடச்சிது தெரியுமா? வேற ஏதாவது புக்கோட அட்டைக்குள்ளேருந்து. பைண்டரு பள்ளத்த அடைக்க வெச்சி ஒட்டினது. ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கேன். எவனோ மெனக்கெட்டு அட்டையப் பிரிச்சிப் பாத்தானேன்னு சந்தோசப்பட்டு எழுதினேன். ராத்திரி பகலா எழுதினேன்." ஒரு சின்னச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "எழுதறப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"அதெல்லாம் சரிங்க. கொறை இருக்கா, இல்லையா?"

தென்றல் விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து சாமிக்கண்ணுகளைப் பார்த்தாள். அவளுக்குள் மாமியார் ஒரு பக்கமும் ஒன்பது வருஷம் ஒரு பக்கமும் நின்று இழுத்த இழுப்பில் ஸ்டூலே கிறீச்சிட்டது.

"கொறை ஒண்ணும் இல்ல," என்றாள். "ஆனா கைடு கண்ணுல படறதுக்குள்ள காயணும். அக்கா, நீங்களும் வாங்க. ஒத்தையா அஞ்சையும் காயவெச்சிக்கிட்டு என்னால போவ முடியாது."

வீரமுத்து வாயைத் திறந்தான். சாட்சியாகப் பாவாடை செருமினார். வாய் மூடிக்கொண்டது.

அரியலூர் பஸ்ஸில் வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து இரண்டு சீட் பிடித்தார்கள். ஐந்து புத்தகங்களையும் மடியில் வைத்து, அட்டைகளை மட்டும் விரித்து ஜன்னல் காற்றில் பிடித்தார்கள். காற்றா அது? பேரளி தாண்டியதும் சோளக்காட்டு அனல் முழுக்க அந்த ஒரே ஜன்னல் வழியாகத்தான் ஊருக்குள் போவேன் என்று வந்தது. எதிரே சிமெண்ட் லாரி ஒவ்வொன்றும் போகும்போது ஒரு மூட்டை புழுதியை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனது. பின்சீட்டுக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

"யாரும்மா இது, எம்.எல்.ஏ.வா?"

"எங்க வூட்டுக்காரரு," என்றாள் அம்பிகா.

"புஸ்தகம் எழுதியிருக்காரா?"

"இல்ல. உள்ள இருக்காரு."

அவர் மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

அம்பிகா பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் சட்டைக் காலர் போனது. அப்புறம் காது. தாள் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே உள்ளே வந்தது. நெற்றி வெளுத்தது. ஒரு பிரதியில் கண் முதலில் போனது, இன்னொன்றில் தாடை. மீசைதான் கடைசி வரைக்கும் நின்றது. கறுப்பு மை கனமாக விழுந்த இடம். ஒவ்வொரு பிரதியாக மீசையும் போய் வெறும் வெள்ளையாகியது. நான்கு பிரதி முடிந்துவிட்டது. பிரஸ்ஸில் அடியில் கிடந்த ஐந்தாவது மட்டும் பிடிவாதமாக ஈரமாகவே இருந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதும் அதில் பாதி மீசையும் ஒரு பல்லும் இருந்தன.

சுதர்சன் சாரின் அறையில் மின்விசிறி மணிக்கு ஒரு சுற்று சுற்றியது. அவர் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் ஆள் காணாமல் போய்விடுவார். முதல் பிரதியைத் திறந்து கையெழுத்துப் போட்டார். இரண்டு, மூன்று, நான்கு. தென்றலின் உதடுகள் எல்லாச் சாமிகளையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஐந்தாவதைத் திறந்தார். உள்தாளைக் கட்டைவிரலால் தடவினார். குனிந்தார்.

"என்னம்மா இது, நிழலாட்டம்? கறையா?"

"ஈரம் சார்," என்றாள் அம்பிகா. "பசை இன்னும் காயல. இப்படியே தொறந்து வெச்சா அட்டை வளைஞ்சிடும். மூடி, மேல பாரம் வைக்கணும்."

"நீங்கதான் பைண்டரா?"

கேள்வி அவளை அடைய ஒரு கணம் ஆனது. "ஆமாங்க."

"நல்லா கட்டியிருக்கீங்க." அவர் கையெழுத்துப் போட்டு மூடினார். ஐந்தையும் அடுக்கினார். பாரத்துக்கு என்ன செய்வது என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அலமாரி மேலிருந்து இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கி வந்தார். சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைத்ததாம். பெரிய தோசைக்கல் அளவுக்கு, ராட்சச நத்தை சுருண்ட மாதிரி, கல்லாகிப்போன சிப்பி. இந்த ஊர் கடலாக இருந்த காலத்தது என்று மாணவர்களுக்குச் சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டே புத்தகங்களின் மேலே வைத்தார்.

அம்பிகாவின் பையில் போன் அடித்தது. வீரமுத்து.

"அண்ணி? செல்போன்காரன் வந்து நிக்கிறான். என்னான்னு சொல்ல?"

"குடுத்தாச்சு."

"சரி அண்ணி," என்றான். பிறகு, "வரப்ப பஸ்ஸுல முன்னாடி ஒக்காந்து வாங்க," என்று வைத்துவிட்டான்.

கல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாரம் ஓரத்தில் மட்டும் விழுந்தால் புத்தகத்தின் முதுகு கோணிவிடும். அம்பிகா மேஜை அருகே போய் அதை நடுவுக்கு நகர்த்தி, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே வைத்து அழுத்தினாள்.

"போதும்மா," என்றார் சுதர்சன் சார். அவருக்குத் திருச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் சார்."

வெளியே வகுப்பு மணி அடித்தது. பிள்ளைகள் நடைபாதையில் கூச்சலோடு ஓடினார்கள். தென்றல் கதவருகே நின்றாள். சார் தம் நாற்காலிக்குப் போக வழியில்லாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்லின் சுருள் அம்பிகாவின் கைக்கடியில் வரிவரியாக இருந்தது. சில்லென்று இருந்தது. பசைச்சட்டியில் சுட்டுச் சிவந்திருந்த விரல் நுனியில் மட்டும் அந்தக் குளிர் எரிந்தது. அவள் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.